பேய்ப்படத்தின் முதல் மூன்று நிமிடம்: என் ஓப்பனிங் ஏன் யாரையும் பயமுறுத்தவில்லை?

ஈரச்சுவர்

எல்லோருக்கும் வணக்கம். 11 நிமிடத்தில் ஒரு பேய்க் குறும்படம் எடுத்து எடிட்டும் முடித்துவிட்டேன். சிக்கல் ஓப்பனிங்கில். 2 நிமிடம் 40 செகண்ட் ஓடுகிறது. நண்பர்கள் ஆறு பேருக்குப் போட்டுக் காட்டினேன். பயப்பட வேண்டிய இடத்தில் ஒருவன் சிரித்துவிட்டான். இன்னொருத்தி நல்ல பிள்ளையாக முழுவதும் பார்த்துவிட்டு, "சரி, கதை எப்போ ஆரம்பிக்குது?" என்று கேட்டாள். மற்ற நால்வரும் "நல்லா இருக்குடா" என்றார்கள். அந்தத் தொனி எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

காட்சி இதுதான். இரவு. ஒரு பெண் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறாள். பூட்டைத் திறக்கிறாள், விளக்கைப் போடுகிறாள், பையை வைக்கிறாள், சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடிக்கிறாள். அவளுக்குப் பின்னால் ஒரு நிழல் குறுக்கே ஓடுகிறது. அதே நொடியில் 'டொய்ங்' என்று பி.ஜி.எம்மில் ஒரு அடி. திரும்புகிறாள், யாரும் இல்லை. படுக்கையறைக் கதவு தானாகத் திறக்கிறது. இன்னொரு அடி. டைட்டில்.

பதற்றம் வரட்டும் என்று முழுக்க ஹேண்ட்ஹெல்டில், கேமராவைக் கையில் பிடித்தே எடுத்தேன். ஒரு ஷாட் மட்டும் அலமாரிக்குள் இருந்து, ஒரு ஷாட் மின்விசிறி உயரத்தில் இருந்து. முதல் ஃப்ரேமில் இருந்தே அடியில் ஒரு ட்ரோன், அதாவது 'ம்ம்ம்' என்று நீண்டுகொண்டே போகும் அந்தக் கனத்த சத்தம். எல்லாப் படத்திலும் இருப்பது எல்லாம் என் படத்திலும் இருக்கிறது. எங்கே சறுக்கியது? கூச்சப்படாமல் திட்டலாம்.

கடைசிவரிசை

திட்ட ஒன்றும் இல்லை தம்பி. "எல்லாப் படத்திலும் இருப்பது எல்லாம்" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், நோய் அங்கேதான் இருக்கிறது.

இயக்குநர் ஹிட்ச்காக் இன்னொரு இயக்குநரான த்ரூஃபோவுக்குக் கொடுத்த நீண்ட பேட்டியில் சொன்ன மேஜைக்கடி வெடிகுண்டு உதாரணம் தெரிந்திருக்கும். இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், திடீரென்று குண்டு வெடிக்கிறது என்றால் பார்ப்பவனுக்கு 15 செகண்ட் அதிர்ச்சி. குண்டு இருப்பதை முன்பே காட்டிவிட்டு அதே சப்பைப் பேச்சைத் தொடரவிட்டால் 15 நிமிடத் தவிப்பு. உங்கள் ஓப்பனிங்கில் குண்டு இரண்டு முறை வெடிக்கிறது. ஒரு முறைகூட மேஜைக்கடியில் வைக்கப்படவில்லை. அந்தப் பெண் தண்ணீர் குடிக்கும்போது நான் எதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்? எதுவும் இல்லை. அவளுக்குத் தாகம், அவ்வளவுதான்.

"ஜாஸ்" (1975) என்ற சுறாமீன் படத்தின் ஆரம்பத்தை ஒரு முறை இதற்காகவே பாருங்கள். டைட்டில் ஓடும்போதே கேமரா தண்ணீருக்கடியில் பாசிகளுக்கு நடுவே போகிறது, ஜான் வில்லியம்ஸின் அந்த இரண்டு சுரங்கள் அடித்துக்கொண்டிருக்கின்றன. குண்டு வைத்தாகிவிட்டது. அடுத்தது கடற்கரையில் இளைஞர்கள் கூடிப் பாட்டு, அரட்டை. ஒரு பெண் எழுந்து கடலுக்கு ஓடுகிறாள். இனி அவள் நீந்தும் ஒவ்வொரு நொடியும் நம் வயிற்றைப் பிசையும், ஏனென்றால் கீழே இருந்து மேலே பார்க்கும் கண் ஒன்று இருக்கிறது என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. மீனைக் காட்டவே இல்லை. அவளை இங்கும் அங்கும் இழுத்துப்போய் கடைசியில் உள்ளே இழுத்ததும் இசையெல்லாம் நின்றுபோய், அமைதியான தண்ணீரும் மிதவை மணியின் சத்தமும் மட்டும். எனக்கு அந்த மணிதான் இன்றுவரை உறுத்துகிறது, அலறல் இல்லை.

இன்னொன்று. அந்த இசை அதற்கப்புறம் ஒரு வாக்குறுதி மாதிரி ஆகிவிடுகிறது. இசை வந்தால் மீன் வரும். இரண்டு பையன்கள் பொய்யான சுறாத் துடுப்பை முதுகில் வைத்துக்கொண்டு ஊரையே கலங்கடிக்கும் காட்சியில் அந்த இசை வராது, கவனித்திருக்கிறீர்களா? படம் நம்மிடம் நேர்மையாக இருக்கிறது. நாமும் நம்பிவிடுகிறோம். பிற்பாடு ஒரு நாள் இசையே இல்லாமல் மீன் தலையை வெளியே நீட்டும். அந்த இடத்தில் தியேட்டரே தூக்கிவாரிப் போடுவதற்கான விதை முதல் மூன்று நிமிடத்தில் போட்டது.

ஒலித்தடம்

நான் படங்களுக்கு ஒலி மிக்ஸிங் வேலை செய்கிறவன். ஈரச்சுவர், இரண்டு கேள்வி. நண்பர்கள் எதில் பார்த்தார்கள்? அந்த ட்ரோன் எத்தனை ஹெர்ட்ஸில், அதாவது எவ்வளவு கீழ்ச் சுரத்தில் இருக்கிறது?

ஈரச்சுவர்

லேப்டாப்பில்தான் அண்ணா, அதன் சொந்த ஸ்பீக்கரில். நான் எடிட் செய்தது நல்ல ஹெட்போனில். ட்ரோன் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த தொகுப்பில் இருந்து எடுத்தது. இப்போது அளந்து பார்த்தேன், 40 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கிறது.

ஒலித்தடம்

அப்படியென்றால் உங்கள் நண்பர்கள் ஆறு பேரும் அந்த ட்ரோனைக் கேட்கவே இல்லை. லேப்டாப் ஸ்பீக்கரில் 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் காற்றுதான். உங்களுக்குக் காதில் கனமாக இறங்கியது அவர்களுக்கு வெறும் நிசப்தம். சரியான நிசப்தம்கூட இல்லை, வீட்டுச் சத்தத்தையெல்லாம் ட்ரோனுக்காகத் துடைத்து வைத்திருப்பீர்கள். அதனால் முதல் இரண்டு நிமிடம் அவர்கள் செத்த ஒலியில் ஒரு பெண் நடப்பதைப் பார்த்திருக்கிறார்கள். தியேட்டரில் கீழ்ச் சத்தத்துக்கென்றே தனித் தடம் உண்டு, 120 ஹெர்ட்ஸ் வரைக்கும் அதன் வேலை. லேப்டாப்பில் அதற்கு ஏது இடம்?

இதைச் சரிசெய்வது கஷ்டமில்லை. அதே சத்தத்தின் மேல் அடுக்குகளை, 80, 120, 160, 200 என்று, லேசாகச் சேருங்கள். அடிச்சுரம் வராவிட்டாலும் மேல் அடுக்குகளை வைத்துக் காது அதை ஊகித்துக்கொள்ளும்.

ஆனால் அதற்கும் முந்தைய கேள்வி, ட்ரோன் ஏன் முதல் ஃப்ரேமிலேயே தொடங்குகிறது? காது சோம்பேறி. மாறாத சத்தத்தை அரை நிமிடத்தில் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொள்ளும். இந்தக் கணம் உங்கள் அறையில் என்னென்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று நின்று கேளுங்கள். ஃப்ரிட்ஜ், விசிறி, தூரத்து வண்டி. இவ்வளவு நேரம் இவை இல்லை, நான் சொன்னதும் வந்துவிட்டன. பயத்துக்கு அடித்தளம் போட விரும்புகிறவர் பயங்கரமான சத்தத்தில் தொடங்கக் கூடாது, வீட்டில் தொடங்க வேண்டும்.

எடுத்த வீட்டில் ரூம் டோன் பதிவு செய்தீர்களா?

ஈரச்சுவர்

இல்லை அண்ணா. ரூம் டோன் என்றால்?

ஒலித்தடம்

எல்லோரும் வாயை மூடிக்கொண்டு, ஷூட்டிங் நடந்த அதே அறையில், அதே மைக்கில் ஒரு நிமிடம் சும்மா பதிவு செய்வது. ஒவ்வொரு அறைக்கும் ஒரு 'சும்மா' உண்டு. நடைபாதையின் சும்மா வேறு, குளியலறையின் சும்மா வேறு. எடிட்டில் ஷாட்டுக்கு ஷாட் அந்த 'சும்மா' மாறாமல் ஓடினால்தான் பார்ப்பவர் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பார். இது இல்லாவிட்டால் ஒவ்வொரு ஷாட் மாறும்போதும் காது ஒரு தடவை விழித்துக்கொண்டு "ஓ, படம்" என்று நினைவுபடுத்திக்கொண்டே இருக்கும். மறுபடி அந்த வீட்டுக்குப் போக முடியுமென்றால் நாளைக்கே போய் எடுத்து வாருங்கள்.

இப்போது 'டொய்ங்' பற்றி. திடீர்ச் சத்தத்துக்குக் கண் இமைப்பது 30 முதல் 50 மில்லிசெகண்டுக்குள் நடந்துவிடும். செகண்டுக்கு 24 ஃப்ரேம் ஓடும் படத்தில் ஒரு ஃப்ரேம் கிட்டத்தட்ட 42 மில்லிசெகண்ட். அதாவது மூளை "என்ன அது" என்று கேட்பதற்குள் உடம்பு துள்ளி முடித்துவிடும். அது பயம் இல்லை, அனிச்சை. பின்னாலிருந்து கைதட்டினாலும் வரும். உடம்பு துள்ளிய பிறகு மூளை வந்து பார்க்கிறது, அங்கே துள்ளியதற்குத் தகுந்த காரணம் இல்லை என்றால் சிரிப்புதான் வரும். உங்கள் நண்பன் சிரித்ததில் தப்பே இல்லை.

பாப்கார்ன்பிசாசு

இந்த இழைக்குள் ஜம்ப் ஸ்கேரை, அதாவது திடீரென்று தூக்கிவாரிப் போடவைக்கும் உத்தியைக் கீழ்சாதியாக நடத்துவதைக் கண்டிக்கிறேன் 😀 தியேட்டரில் நூறு பேர் ஒன்றாகக் கத்திவிட்டு அப்புறம் ஒன்றாகச் சிரிப்பதில் என்ன குறை? அதற்காகத்தான் நான் காசு கொடுக்கிறேன். எல்லோரும் மிதவை மணியை ரசித்துக்கொண்டிருக்க முடியாது.

அமைதி, அமைதி என்று ஓதுகிறவர்களுக்கு "ஸ்க்ரீம்" (1996) ஓப்பனிங்கை நினைவூட்டுகிறேன். அதில் பேச்சுதான் முழுக்க. ஃபோனில் ஒருவன் ஒரு பெண்ணிடம் ஜாலியாகப் பேய்ப்பட வினாடிவினா நடத்துகிறான். அவள் அடுப்பில் பாப்கார்ன் வைத்திருக்கிறாள். பேச்சு தொடரத் தொடர அந்தப் பாப்கார்ன் தாள் உப்பிக்கொண்டே போகிறது, பொரியும் சத்தம் கூடிக்கொண்டே போகிறது. "என்ன சத்தம்?", "பாப்கார்ன்" என்று ஆரம்பத்தில் கொஞ்சம் பேசிக்கொள்வதோடு சரி. என் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

ஒலித்தடம்

நீங்கள் எங்களுக்கு எதிராகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு எங்கள் கட்சிக்கே ஓட்டு போட்டுவிட்டீர்கள். அந்தப் பாப்கார்ன் மேஜைக்கடி குண்டு. அடுப்பில் வைத்த பொருளுக்கு ஒரு நேரக்கணக்கு உண்டு, அது காதுக்குத் தெரியும். இசைக்குழு செய்ய வேண்டியதை ஒரு சமையலறைச் சாமான் செய்கிறது, அதுவும் யாரும் சந்தேகப்படாமல்.

அந்தக் குரலைக் கொடுத்தவர் ஷூட்டிங்கின்போது நிஜமாகவே ஃபோனில் பேசினார், நடிகையின் கண்ணில் படாமல் அவரை வைத்திருந்தார்கள். முகம் இல்லாத குரல் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், பக்கத்து அறையில்கூட. முகம் வந்துவிட்டால் அது ஓர் ஆள், ஓர் உயரம், ஒரு சட்டை. அவ்வளவுதான் அதன் அளவு.

மூன்றுகால்

காதுக்காரர்கள் பேசி முடித்தால் கண்ணுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள். நான் கேமராக்காரி.

ஈரச்சுவர், உன் ஓப்பனிங்கில் கேமரா யார்? சும்மா கேட்கவில்லை. முதலில் ஆடிக்கொண்டே அவள் பின்னால் வருகிறது, யாரோ தொடர்கிறார்கள் என்று நினைக்கிறேன். அப்புறம் அலமாரிக்குள் இருக்கிறது. சரி, உள்ளே ஒளிந்திருக்கிறான். அப்புறம் விசிறி உயரத்துக்குப் போய்விடுகிறது. இப்போது அது பல்லியா, பேயா? அப்புறம் அவளுக்கு எதிரே க்ளோஸ்-அப்பில். நான்கு ஷாட்டில் நான்கு ஆள் ஆனதால் கடைசியில் யாருமே இல்லை. யாரும் பார்க்காத வீட்டில் என்ன பயம்?

"ஹாலோவீன்" (1978). ஜான் கார்ப்பெண்டர் இயக்கம், கேமரா டீன் கண்டி. ஆரம்பம் கிட்டத்தட்ட நான்கு நிமிடம், ஒரே ஷாட் போலத் தெரியும், நடுவில் ஒட்டு உண்டு. ஸ்டெடிகேம் போன்ற பானாகிளைட் என்ற கருவியில் எடுத்தது, கேமராவை உடம்பில் மாட்டிக்கொண்டு ஆட்டம் இல்லாமல் நடக்கலாம். அதன் மிதக்கும் நடையை நன்றாகக் கவனி, கையில் பிடித்த ஆட்டம் இல்லை, ட்ராலியின் வழுவழுப்பும் இல்லை. வெளியே இருந்து ஒரு வீட்டைப் பார்க்கிறோம். ஜன்னலில் ஒரு ஜோடி. அவர்கள் மாடிக்குப் போக, மாடி விளக்கு அணைகிறது. கண் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போகிறது, சமையலறைக்குள் நுழைகிறது, ஒரு கை வந்து இழுப்பறையில் இருந்து கத்தியை எடுக்கிறது. காதலன் இறங்கிப் போகும்வரை காத்திருக்கிறது. அப்புறம் படி. மாடியில் கீழே கிடக்கும் முகமூடியைக் கை எடுக்கிறது. அந்தக் கணம் முழுத்திரையும் கறுத்து, இரண்டு ஓட்டைகள் மட்டும் மிஞ்சுகின்றன. அதோடு மூச்சுச் சத்தம் நெருங்கிவிடுகிறது. (முகமூடியை மாட்டும் அந்த இருட்டில் ஒட்டு போட்டிருக்கிறார்கள், அது தனிக் கெட்டிக்காரத்தனம்.)

நான்கு நிமிடமும் அந்தக் கண் நம் கண். விருப்பமில்லாமல் நாமே கத்தியைத் தூக்கியவர்கள் ஆகிவிடுகிறோம். கடைசியில் வாசலில் கார் வந்து நிற்கிறது, யாரோ ஒரு பெயர் சொல்லிக் கேட்கிறார்கள், முகமூடி உருவப்படுகிறது. முதல் முறையாக எதிர் ஷாட், அதாவது இதுவரை பார்த்துக்கொண்டிருந்தவரை எதிரே இருந்து காட்டுவது: கோமாளி உடுப்பில் ஆறு வயதுப் பையன். கேமரா அப்படியே பின்னால் நகர்ந்து மேலே ஏறுகிறது. யாரும் ஓடவில்லை, கத்தவில்லை. பையன், அப்பா, அம்மா மூவரும் நின்றுகொண்டே இருக்கிறார்கள்.

அந்த ஒரு எதிர் ஷாட்டுக்கு மதிப்பு வந்தது எதனால்? நான்கு நிமிடம் அதைக் கொடுக்காமல் இருந்ததால். நீ 2 நிமிடம் 40 செகண்டில் எத்தனை எதிர் ஷாட் கொடுத்திருக்கிறாய் என்று எண்ணிப் பார்.

ஈரச்சுவர்

ஒன்பது. 🙈

ஆனால் அக்கா, எல்லாம் ஆளின் பார்வையாக இருந்துதான் ஆக வேண்டுமா?

மூன்றுகால்

இல்லவே இல்லை. யாருடைய பார்வையும் இல்லை என்பதையும் ஒரு முடிவாக எடுக்கலாம். "தி ஷைனிங்" (1980) அப்படித்தான் தொடங்குகிறது. பட்டப்பகல், மொன்டானாவின் மலை, ஏரி, அழகான வெளிச்சம். ஹெலிகாப்டரில் இருந்து கீழே ஒரு சின்ன மஞ்சள் காரைத் தொடர்கிறோம். தொடர்வதாவது... சில சமயம் காரை விட்டுவிட்டுக் கேமரா தன் போக்கில் விலகிப் போகிறது, அப்புறம் மறுபடி வந்து பிடித்துக்கொள்கிறது. பறவைக்கு அந்தக் காரில் என்ன வேலை? மனிதனாக இருந்தால் அங்கே எப்படி இருப்பான்? விடை கிடையாது, ஆனால் அது பார்த்துக்கொண்டே வருகிறது. இருட்டு இல்லை, நிழல் இல்லை, கதவு கிறீச்சிடவில்லை.

ஒலித்தடம்

அந்த வெளிச்சத்துக்கு அடியில் ஓடுவது "டீஸ் ஐரே", நூற்றாண்டுகள் பழைய லத்தீன் சாவுப்பாட்டின் மெட்டு. வெண்டி கார்லோஸும் ரேச்சல் எல்கிண்டும் அதை சிந்தசைசரில் இழுத்திருக்கிறார்கள். படம் சுற்றுலா என்கிறது, ஒலி இழவு என்கிறது. இரண்டும் ஒன்றையே சொல்லியிருந்தால் சுற்றுலா விளம்பரமாகவோ மட்டமான பேய்ப்படமாகவோ போயிருக்கும்.

நான் சொல்ல வந்ததே இதுதான் ஈரச்சுவர். உங்கள் நிழல் ஓடும்போது சத்தமும் ஓடுகிறது. ஒரே சேதியை இரண்டு தபால்காரர்கள் கொண்டுவருகிறார்கள். ஒருவரை முன்னாலோ பின்னாலோ அனுப்புங்கள்.

கடைசிவரிசை

அந்த இரண்டு தபால்காரர் விஷயத்துக்கு என் கட்சியின் சாட்சி 1931இல் வந்தது. ஃப்ரிட்ஸ் லாங்கின் "எம்".

பாப்கார்ன்பிசாசு

அது பேய்ப்படமே இல்லையே!

கடைசிவரிசை

பேய் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். குழந்தைகளைக் கொல்கிற ஒருவன் இருக்கிறான், உங்களுக்குப் போதாதா? பேசும் படம் வந்த புதிது. மற்றவர்கள் ஒலி கிடைத்துவிட்டதே என்று பேசித் தள்ளிக்கொண்டிருந்த காலம். இந்த மனிதர் எங்கே ஒலியை எடுத்துவிடுவது என்று யோசித்திருக்கிறார்.

குழந்தைகள் வட்டமாக நின்று ஒரு 'அவுட்' விளையாட்டுப் பாட்டு பாடுகிறார்கள், கறுப்பு மனிதன் கத்தியோடு வருவான் என்று. மேலே ஒரு வீட்டில் ஓர் அம்மா துணி துவைக்கிறாள். குக்கூ கடிகாரம் பன்னிரண்டு அடிக்கிறது, முகம் மலர்கிறது, மகள் வரும் நேரம். மகளோ தெருவில் ஒரு தூணில் பந்தை அடித்து விளையாடிக்கொண்டிருக்கிறாள். தூணில், கொலைகாரனைப் பிடிக்க 10,000 மார்க் பரிசு அறிவித்த சுவரொட்டி. அதன் மேல் ஒரு தொப்பி நிழல் விழுகிறது. நிழல் குனிந்து, "அழகான பந்து" என்கிறது. பலூன் வாங்கிக் கொடுக்கும்போது அவன் விசில் அடிக்கிறான், இசையமைப்பாளர் க்ரீக்கின் ஒரு மெட்டு. முகத்தை நாம் பார்க்கவில்லை, விசிலைக் கேட்டுவிட்டோம். பார்வையில்லாத பலூன்காரரும் கேட்டுவிட்டார், பிற்பாடு அவனை அடையாளம் காண்பது அவர் காதுதான்.

அப்புறம் வருவதைச் சும்மா படித்துவிட்டுப் போகாதீர்கள், மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். மணி ஏறுகிறது. அம்மா கதவைத் திறந்து "எல்சி!" என்று கூப்பிடுகிறாள். குரல் கேட்கிறது, படத்தில் மேலிருந்து பார்க்கும் காலிப் படிக்கட்டு. மறுபடி "எல்சி!" துணி காயும் காலி மாடியறை. மறுபடி. மேஜையில் எடுத்து வைத்த தட்டு, காலி நாற்காலி. குரல் தேய்ந்துபோகிறது. புதருக்குள் இருந்து ஒரு பந்து உருண்டு வந்து நிற்கிறது. பலூன் கம்பிகளில் சிக்கி ஆடி, பறந்துபோகிறது. அந்தக் கடைசி இரண்டுக்கும் சத்தமே கிடையாது.

ரத்தம், கத்தி, அலறல் எதுவும் இல்லை. கேமரா நகரக்கூட இல்லை. ஒரு பெயரைக் கூப்பிடுகிறார்கள், அந்தப் பெயருக்கு உரிய ஆள் இல்லாத இடங்களைக் காட்டுகிறார்கள். எனக்குத் தெரிந்து இதைவிடக் கொடுமையான ஒரு கட் வரிசை இல்லை.

பாப்கார்ன்பிசாசு

சரி. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இதைப் படித்திருக்கக் கூடாது.

இருந்தாலும் ஜம்ப் ஸ்கேருக்கு ஒரு நியாயம் கேட்டே தீருவேன். நன்றாகச் செய்தால்?

கடைசிவரிசை

நன்றாகச் செய்ததற்கு 1942இலேயே உதாரணம் உண்டு, "கேட் பீப்பிள்". இரவுத் தெருவில் ஒரு பெண் நடக்கிறாள், பின்னால் இன்னொருத்தியின் செருப்புச் சத்தம். இரண்டு நடை, இரண்டு தாளம். திடீரென்று பின்னால் இருந்த சத்தம் நின்றுபோகிறது. அவள் நடையை வேகமாக்குகிறாள், ஓடுகிறாள், நாம் பாய்ச்சலுக்குக் காத்திருக்கிறோம். சிறுத்தை சீறுவது போல ஒரு 'ஸ்ஸ்ஸ்', ஃப்ரேமுக்குள் நுழைவது ஒரு பஸ். பிரேக் சத்தம். தயாரிப்பாளர் வால் லூட்டன் பெயரிலேயே இந்த உத்தியை 'லூட்டன் பஸ்' என்கிறார்கள். கவனியுங்கள் பாப்கார்ன், பஸ்ஸுக்கு முன்னால் இருந்த அந்த நடை எவ்வளவு நீளம்! பஸ் அரைச் செகண்ட், நடைதான் காட்சி. ஈரச்சுவரிடம் பஸ் மட்டும் இருக்கிறது.

புதுக்கேமரா

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் ஃபோன் மட்டும்தான். இதெல்லாம் ஃபோனில் வருமா?

மூன்றுகால்

வரும். எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) ஃபோகஸையும் பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஆள் இருட்டுக்குள் போகும்போது ஃபோன் நல்லது செய்வதாக நினைத்து இருட்டை வெளிச்சமாக்கிவிடும். பேயைவிட மோசம். முடிந்தால் ஒரு ஸ்டாண்ட். மற்றதெல்லாம் பிறகு.

ஒலித்தடம்

ஒலியிலும் அதே தொல்லை. ஆட்டோ கெயின் இயங்கினால், நிசப்தம் வந்தவுடன் ஃபோன் மைக்கின் அளவைத் தானே ஏற்றி அறை இரைச்சலை 'உஷ்ஷ்' என்று பொங்கவைக்கும். நீங்கள் சத்தத்தைக் குறைத்த இடத்தில் கூடும். அதை அணைக்க முடிகிற ஆப்பில் பதிவு செய்யுங்கள்.

மூன்றுகால்

ஈரச்சுவர், உன் படத்துக்கு ஒரு யோசனை. அவள் சமையலறையில் நிற்கும் ஷாட்டை ஸ்டாண்டில் வைத்து மறுபடி எடு. அவளை ஃப்ரேமின் இடது ஓரத்துக்குத் தள்ளு. வலது பாதி முழுக்க, திறந்திருக்கும் படுக்கையறைக் கதவும் உள்ளே இருட்டும். அந்தக் கதவில் எதையும் காட்டாதே. கண் தானாக அங்கே போகும், போய் எதுவும் கிடைக்காமல் திரும்பி வரும், மறுபடி போகும். நீ வழக்கமாக நாலு செகண்டில் கட் செய்வாய் என்றால் ஒன்பது செகண்ட் விடு. ஐந்தாவது செகண்டுக்கு மேல்தான் பார்ப்பவன் "ஏன் இன்னும் கட் ஆகவில்லை?" என்று தேட ஆரம்பிப்பான்.

அப்புறம் அதே ஃப்ரேமுக்கு இன்னொரு முறை வா. அதே கதவு, அதே இருட்டு. மூன்றாவது முறை வரும்போது கதவு மூடியிருக்கட்டும். மூடுவதைக் காட்டக் கூடாது, சத்தமும் வேண்டாம். லென்ஸ், உயரம், தூரம் மூன்றும் அங்குலம் பிசகாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் கதவு மாறியதை யாரும் கவனிக்க மாட்டார்கள். தரையில் டேப் ஒட்டிவிட்டு எடு.

ஒலித்தடம்

அதில் என் பங்கு ஃப்ரிட்ஜ். முதல் இரண்டு முறையும் ஃப்ரிட்ஜ் ஓடட்டும், யாரும் கேட்காத அளவில். மூன்றாவது ஷாட் வருவதற்கு ஒரு செகண்ட் முன்னால் அது 'டக்' என்று நிற்கட்டும். ஃப்ரிட்ஜ்கள் நிற்பது இயல்பு, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் நின்றதும் அந்த வீடு எவ்வளவு காலியாக இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். ட்ரோன் வேண்டுமென்றே ஆக வேண்டுமா, அதற்குப் பிறகு உள்ளே வரட்டும், மெதுவாக.

ஈரச்சுவர்

போய் எடுத்துவிட்டு வருகிறேன்.

ஈரச்சுவர்

பதினேழு நாள் கழித்து வந்திருக்கிறேன். மன்னிக்கவும், அந்த வீட்டுச் சாவி கிடைக்க இவ்வளவு நாள் ஆனது.

நிழலைத் தூக்கிவிட்டேன். மனம் வரவில்லை, அதற்காக ஒரு முழு ராத்திரி செலவழித்தோம். இரண்டு அடிகளும் போய்விட்டன. அலமாரி, விசிறி ஷாட்களும் இல்லை. இப்போது எட்டு ஷாட்தான், 2 நிமிடம் 25 செகண்ட். ரூம் டோன் எடுக்க உட்கார்ந்தபோது ஒரு விஷயம் தெரிந்தது, அந்த வீட்டுச் சமையலறைக் குழாய் சொட்டுகிறது. படம் எடுத்தபோது யாருமே கவனிக்கவில்லை. அதையும் பதிவு செய்து ஓரத்தில் வைத்திருக்கிறேன், நாலு செகண்டுக்கு ஒரு சொட்டு.

கதவு ஷாட்டை மூன்றாவது முறை எடுக்கும்போது டேப்பை யாரோ மிதித்து நகர்த்திவிட்டார்கள். கேமரா அரை அடி வலப்பக்கம் போய்விட்டது. எடிட்டில் பெரிதாக்கி நகர்த்திச் சமாளித்தேன், கொஞ்சம் மங்கல்.

அதே ஆறு பேர், அதே லேப்டாப். ஃப்ரிட்ஜ் நின்ற இடத்தில், முன்பு சிரித்த அதே ஆள் கையை நீட்டி வால்யூமைக் கூட்டினான். சத்தம் போய்விட்டது, ஸ்பீக்கரில் ஏதோ கோளாறு என்று நினைத்திருக்கிறான். கூட்டி முடிப்பதற்குள் கதவு ஷாட் வந்துவிட்டது. கையை எடுக்கவே இல்லை, பொத்தான் மேலேயே வைத்துக்கொண்டு பார்த்தான். "கதை எப்போ?" என்று கேட்டவள் இந்த முறை, "அந்தக் கதவு முன்னாடி திறந்துதானே இருந்துச்சு?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகக் கேட்டாள். இரண்டு பேர் கதவைக் கவனிக்கவே இல்லை.

மூன்றுகால்

ஆறில் நாலு நல்ல கணக்கு. எல்லோரும் கவனித்துவிட்டால் அது ரொம்ப வெளிப்படை. மங்கலைத் திருத்தாதே, அப்படியே விடு.

பாப்கார்ன்பிசாசு

ஒரே ஒரு அடியையாவது எனக்காக வைத்திருக்கலாம் 😢

ஒலித்தடம்

குழாய்ச் சொட்டு அருமை. நாலு செகண்ட் என்று கடிகாரம் போல வைக்காதீர்கள், நாலு, நாலு, நாலு, அப்புறம் ஆறு என்று ஒன்றைத் தவறவிடுங்கள். அந்த ஆறாவது செகண்டுக்காகக் காது மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

ஒரு சந்தேகம். ஃப்ரிட்ஜ் நின்றது சரி. மீதி எட்டரை நிமிடத்தில் அது மறுபடி எப்போது ஓட ஆரம்பிக்கிறது?

ஈரச்சுவர்

...அதை யோசிக்கவே இல்லை அண்ணா.

ஒலித்தடம்

படுக்கையறைக்குள் அவள் போய்க் கதவைச் சாத்தியதும் வையுங்கள். சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்து.